கேட்டால் சொல்லுவன்: ஏப்ரலில் மலைநாடு

போன இதழில், மலைநாட்டில் 14 வருடம் படிப்பித்தவன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நுவரெலியாப் பயணம் பற்றித்தான். சரி, இந்த முறை அதையே பார்ப்போம்.

*

கேள்வி: வருடப்பிறப்பு லீவுக்குப் பிள்ளைகளோடு வான் பிடித்து நுவரெலியா போக இருக்கிறோம். பக்கத்து வீட்டு அண்ணை "நல்ல வெயில், யோசியாமல் போங்கோ" என்கிறார். ஹற்றனில் இருக்கும் மச்சாள் "ஒவ்வொரு நாளும் இடி மழை, வராதேங்கோ" என்கிறா. ஆரை நம்புறது?
- வாசகி, சுன்னாகம்

பதில்: இரண்டு பேரையும் நம்பலாம், தங்கச்சி. அண்ணை காலை ஒன்பது மணியைச் சொல்கிறார். மச்சாள் பின்னேரம் மூன்று மணியைச் சொல்கிறா.

முதல் நியமனம் கிடைத்து நான் நுவரெலியாவில் போய் இறங்கியதும் ஒரு ஏப்ரலில்தான். முதல் சனிக்கிழமை, வானத்தில் பொட்டு முகிலில்லை. ஊர்ப் பழக்கத்தில் ஆறுதலாக எழும்பி, தேத்தண்ணி குடித்து, பத்தரை மணிக்கு ஒரு கிழமை உடுப்பைத் தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். கரட்டும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பீதுறுதாலகால மலையின் தலையைக் காணவில்லை. ஒன்றரைக்கு முதல் இடி. நான் வீட்டுப் படலையைத் திறக்கவும் கொட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது. ஞாயிறு இரவாகியும் ஷேர்ட்டின் கொலரில் ஈரம் போகவில்லை. குசினி அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்து, திங்கட்கிழமை விறகுப்புகை மணக்க மணக்க வகுப்புக்குப் போனேன். பக்கத்து லயத்தில் இருந்த அம்மா சிரித்துப்போட்டுச் சொன்னா: "சேர், இந்த மாசத்துல பதினோரு மணிக்குள்ள காயாத துணி அன்னிக்குக் காயாது."

14 வருடத்தில் அந்த அம்மாவின் கணக்குப் பிழைத்த நாட்கள் குறைவு. ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்துவிடும், தென்மேற்கு இன்னும் வந்திராது. இழுத்துப்போகப் பெருங்காற்று இல்லாத நேரத்தில், விடியத் தொடங்கி வெயிலில் சூடேறிய மலைச்சரிவு தன்னை ஒட்டிய காற்றை மேலே தள்ளும். கடற்கரைப் பக்கமிருந்து ஈரக்காற்றும் வந்து சேரும். மத்தியானத்துக்கிடையில் முகில் கோபுரம் மாதிரி எழும்பி, பின்னேரம் இடியோடு இறங்கிவிடும். பொழுதுபட்டால் அடங்கும். விடிய எழும்பிப் பார்த்தால் கழுவித் துடைத்த வானம். நாங்கள் சித்திரைச் சிறுமாரி என்று சொல்வதும் இந்த மழையின் உறவுதான், அங்கே மலை இருப்பதால் பலம் கூட.

இனி உங்கள் வானுக்கு வருவோம். எங்கள் ஆட்கள் பயணம் என்றால் விடியப்புறம் நாலு மணிக்குத் தேங்காய் உடைத்துப் புறப்படுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். வழியில் சாப்பாடு, முறிகண்டியில் ஒரு கற்பூரம், ஆருக்கோ சத்தி. கம்பளை தாண்டி றம்பொடை வளைவுகளில் ஏறும்போது மணி இரண்டு, மூன்றாகிவிடும். அதாவது மழையும் மூடுபனியும் கூடி நிற்கும் நேரத்தைப் பார்த்து வைத்ததுபோலப் போய்ச் சேருவீர்கள். முன்னுக்குப் போகிற பஸ்ஸின் பின் லைற் மட்டும்தான் தெரியும். முதல் இரவு மாத்தளையிலோ கண்டியிலோ தங்கி, அடுத்த நாள் காலை ஏழுக்கு ஏறுங்கள். ஒரு இரவுக் காசு கூடத்தான். ஆனால் அதே றோட்டில் பிள்ளைகளுக்கு அருவி தெரியும்.

நுவரெலியாவில் கிரகரி வாவி, பூங்கா எல்லாம் மத்தியானத்துக்கு முன். இடி கேட்டால் மரத்துக்குக் கீழே ஒதுங்க வேண்டாம், வானுக்குள் ஏறுங்கள். வருடத்தில் மின்னல் கூடிய மாதங்களில் ஏப்ரலும் ஒன்று.

*

கேள்வி: போனில் பார்த்தால் ஏழு நாளுக்கும் மழையும் மின்னலும் காட்டுகிறது. பயணத்தை விடுவமோ?
- வாசகர், நல்லூர்

பதில்: அந்தப் படத்தை வைத்துப் பார்த்தால் ஏப்ரலில் ஒருவரும் நுவரெலியா போக முடியாது. 24 மணித்தியாலத்தில் இரண்டு மணித்தியாலம் மழை என்றாலும் அது மின்னல் படத்தைத்தான் போடும். விரலால் தட்டி மணித்தியாலக் கணக்கைத் திறந்து பாருங்கள், காலையில் சூரியன் இருக்கும். போனை விட நீங்கள் கவனிக்க வேண்டியது மண்சரிவு எச்சரிக்கையை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக விடும். போகிற பிரதேசத்துக்குச் செம்மஞ்சள் வந்தால் நான் போகமாட்டேன். கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

*

கேள்வி: ரயில் சுரங்கத்துக்கு ஒரு பக்கம் மழை, மற்றப் பக்கம் வெயில் என்று என் தாத்தா சொல்லுவார். கதை விடுகிறாரா?
- மாணவி, பருத்தித்துறை

பதில்: தாத்தாவிடம் மன்னிப்புக் கேளும் பிள்ளை! அவர் சொன்னது பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையில் இருக்கும் சுரங்கம். பட்டிப்பொலைதான் இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம், ஏறக்குறைய 1,900 மீற்றர். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா.

தாத்தா பார்த்தது ஏப்ரலில் இராது, மே கடைசிக்குப் பிறகு இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறி, ஹற்றன், வட்டவளைப் பக்கம் எல்லாவற்றையும் கொட்டிவிடும். அங்கே மழைக்கு நேரங்காலம் கிடையாது, நாள் முழுக்கச் சிணுங்கும். மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரமில்லை, இறங்க இறங்கச் சூடும் ஏறும். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் காய்ந்து கிடக்கும். மட்டக்களப்பார் இதைக் கச்சான் காற்று என்பார்கள். (எங்களூரில் கடலோடிகளைத் தவிர மற்றவர்களுக்குக் கச்சான் என்றால் நல்லூர்த் திருவிழாவில் வாங்கிக் கொறிக்கிறதுதான்.) இந்த வறண்ட காற்றில் வாடி வளரும் கொழுந்துதான் யூலை தொடக்கம் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் கொடுக்கிறது.

நான் ஒருமுறை பட்டிப்பொலையில் யன்னல் கண்ணாடியை இறக்கி மூடிவிட்டு, குளிரில் கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன். சுரங்கத்தின் இருட்டு முடிய, மடியில் வெயில் விழுந்தது. பெட்டி முழுக்க ஆட்கள் ஒரே நேரத்தில் யன்னலைத் திறந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே ஜூனில் போகிறவர்கள் பண்டாரவளைப் பக்கம் அறை எடுங்கள்.

*

கேள்வி: எவ்வளவு குளிரும்? என்ன கொண்டுபோறது?
- வாசகர், மானிப்பாய்

பதில்: 1,000 மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை குறையும். நுவரெலியா 1,868 மீற்றர். இங்கே 34 என்றால் அங்கே பகலில் 22 அளவில், விடியப்புறம் 11 அளவில். ஒரு தடித்த கோட்டை விட, கழற்றிப் போடக்கூடிய இரண்டு மெல்லிய சட்டை நல்லது. தொப்பியும் வேண்டும். குளிருதே என்று வெயிலில் நின்றால் மூக்குத் தோல் உரியும், உயரத்தில் வெயிலின் கடுமை கூட. வழியில் மிக்சர் பக்கற் பலூன் மாதிரி ஊதும், பழுதாகிவிட்டதென்று எறியாதேங்கோ. வெளியே காற்றழுத்தம் குறைவதால் வருவது அது. தண்ணீரும் 94 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு அவியப் பொறுமை வேண்டும்.

*

கேள்வி: மே மாதம் தங்கச்சி வீட்டுக்கு நுவரெலியா போகிறேன். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் காயாகக் கொண்டுபோனால் அங்கே பழுக்குமா?
- வாசகி, கொடிகாமம்

பதில்: லேசில் பழுக்காது, குளிரில் சுருங்கிப் புளித்துக் கிடக்கும். இங்கேயே வைக்கோலில் வைத்துப் பழுக்கப்பண்ணி, மணம் வந்தபிறகு கொண்டுபோங்கள். வானில் மடியில் வையுங்கள், பின் சீற்றில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.