தோற்றாலும் கட்டணமா?

கேள்வி: பல கணினிகளின் வலையமைப்பான எத்தீரியம் தளத்தில் இயங்கும் செயலி ஒன்றைப் பயன்படுத்தியபோது என் பரிவர்த்தனை நிறைவேறவில்லை, ஆனாலும் அத்தளத்தின் மின்னாணயமான ஈதர் கழிக்கப்பட்டிருக்கிறது. இது முறையா?

பதில்: முறைதான். ஈதரைப் பலரும் முதலீடாக மட்டுமே பார்க்கிறார்கள். 2015-இல் தொடங்கப்பட்ட அத்தளத்தில் அது கணினி உழைப்புக்குரிய கூலியும்கூட. செயலியின் ஒவ்வொரு கட்டளையையும் வலையமைப்பின் கணினிகள் இயக்கிப் பார்க்க வேண்டியிருப்பதால், அந்த உழைப்பு ‘கேஸ்’ என்னும் அலகில் அளக்கப்படுகிறது. ஒருவருக்கு ஈதர் அனுப்பும் எளிய வேலைக்கே 21,000 அலகு செலவாகும். பாதியில் நின்றாலும் அதுவரையிலான உழைப்புக்குக் கூலி உண்டு. இல்லையெனில், முடிவில்லாத கட்டளைகளை ஏவி எவரும் வலையமைப்பையே முடக்கிவிடலாம். நீங்கள் ஒப்புக்கொண்ட கேஸ் வரம்பு, அதாவது செலவிடக்கூடிய உச்ச அளவு, போதாமல் நின்றிருந்தால் அது முழுவதும் கழிந்துவிடும்; செயலியின் விதிகளைத் தானாக நிறைவேற்றும் ஒப்பந்த நிரலே மறுத்திருந்தால், பொதுவாகப் பயன்படாத மிச்சத்துக்குக் கட்டணம் பிடிக்கப்படுவதில்லை.