முதல் படகு: எஞ்சினைப் பார்த்து மயங்காதீர்கள்

கேள்வி: நான், மனைவி, ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். இதுவரை கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டுத்தான் பழக்கம். இப்போது ஏரிக்குள் போய் மீன் பிடிக்க ஒரு சின்னப் படகு வாங்க ஆசை. அடிப்பாகம் தட்டையான 12 அடி அலுமினியப் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நான்கு அடி அகலம். இலேசானது, இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். எங்களுக்குப் போதுமா?

பதில்: போதாது. ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. படகின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கி 15-ஆல் வகுத்தால், சாதாரண எடையுள்ளவர்கள் எத்தனை பேர் ஏறலாம் என்று தோராயமாகத் தெரியும். 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு மட்டும்தான் இது, அதுவும் காற்று அடங்கியிருக்கும் நாளில். உங்கள் படகுக்கு 48-ஐ 15-ஆல் வகுத்தால் 3 சொச்சம், அதாவது மூன்று பேர். 14 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் நான்கு பேர். எத்தனை பேர், எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதிய கொள்ளளவுத் தகடு படகிலேயே இருந்தால் இந்தக் கணக்கை விட்டுவிட்டு அதில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உட்கார இடம் இருப்பது வேறு, மீன் பிடிக்க இடம் இருப்பது வேறு. சின்னவன் தூண்டிலில் மீன் மாட்டி அவன் ஒரு கத்து கத்தினால் மற்ற மூன்று பேரும் எந்தப் பக்கம் போவீர்கள்? அவன் பக்கம்தான். அந்த நொடியில் படகு எவ்வளவு சாய்கிறது, பக்கவாட்டுச் சுவர் தண்ணீருக்கு மேல் எத்தனை விரற்கடை மிஞ்சுகிறது என்பதுதான் குடும்பப் படகுக்கான உண்மையான சோதனை. அதனால் நீளத்தைவிட அகலத்துக்கும் சுவர் உயரத்துக்கும் நான் அதிக மதிப்பெண் போடுவேன். நான்கு பேருக்கு 16 அடி இருந்தால் நிம்மதி.

தட்டை அடி நின்ற இடத்தில் நன்றாக நிற்கும், ஆழமில்லாத இடத்திலும் நுழையும். ஆனால் காற்று எழும்பி அலை வந்துவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் தொப் தொப்பென்று அடிவாங்கி எல்லாரையும் நனைக்கும். கூர் அடியுள்ள படகு அலையை வெட்டிக்கொண்டு போகும், நின்றால் கொஞ்சம் ஆடும். முன்பக்கம் கூராகவும் பின்பக்கம் போகப் போகத் தட்டையாகவும் இருக்கிற இரண்டுங்கெட்டான் ரகம் ஒன்று உண்டு. முதல் படகாக அதைத்தான் சொல்வேன். அலுமினியமா ஃபைபரா என்றால், கல்லில் இடித்தாலும் பெரும்பாலும் நசுங்குவதோடு போய்விடும் என்பதால் புதிதாகப் பழகுபவருக்கு அலுமினியம். தூண்டிலின் ஈயக் குண்டு அலுமினியத் தரையில் விழுந்தால் ஊரே கேட்கும், ஒரு பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ஃபைபர் படகு ஒன்று வருகிறது. எஞ்சின் புதுசு போல இருக்கிறது, ஓனர் ஓட்டியும் காட்டினார். வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: நானும் முதல் படகை எஞ்சினின் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன், இரண்டாவது மாதமே தரைப்பலகை காலுக்கடியில் பஞ்சு மாதிரி அமுங்கியது. எஞ்சினைக் கழற்றி மாற்றிவிடலாம், உளுத்த படகை என்ன செய்வது?

முதலில் எஞ்சின் மாட்டியிருக்கிற பின்பலகை. பல பழைய ஃபைபர் படகுகளில் இதற்குள்ளே ஒட்டுப்பலகைதான் இருக்கும். திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளுக்குள் மக்கியிருந்தாலும் வெளியே பெயிண்ட் சிரித்துக்கொண்டிருக்கும். எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிக்காலைப் பிடித்து உங்கள் எடையைக் கொஞ்சம் கொடுத்து அழுத்துங்கள், கண் பின்பலகையில் இருக்கட்டும். அது வளைந்தால், திருகுகளைச் சுற்றி விரிசல் வாய் திறந்தால், பேரமே வேண்டாம். சுத்தியலின் மரப்பிடியால் தட்டியும் பாருங்கள், நல்ல பலகை கணீரென்று சொல்லும், மக்கியது மொத்தென்று சொல்லும். தரை முழுக்க நடந்து பாருங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். காலையில் நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள், குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதைத்தான் பார்க்க வேண்டும். ஓடும்போது பின்னால் ஒரு சின்னத் துவாரத்திலிருந்து தண்ணீர் விடாமல் பீச்ச வேண்டும், இல்லையென்றால் குளிரூட்டும் பம்பில் கோளாறாக இருக்கலாம். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

கேள்வி: லைஃப் ஜாக்கெட்டை வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக வாங்கலாமா? எஞ்சினில் சிவப்பாகச் சுருள் கயிறு ஒன்று தொங்குகிறதே, அது எதற்கு?

பதில்: சட்டையை அப்படி வாங்கலாம், இதை வாங்கக் கூடாது. மாட்டி, எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, தோள்பட்டைப் பக்கம் பிடித்துப் பிள்ளையை மேலே தூக்குங்கள். முகவாயும் காதும் ஜாக்கெட்டுக்குள் போய்விட்டால் அது பெரிது. தண்ணீரிலும் அதேதான் நடக்கும்.

சுருள் கயிறு ஓட்டுபவர் மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்ள. அதன் மறுமுனையில் உள்ள கிளிப் எஞ்சினில் மாட்டியிருக்கும். நீங்கள் தவறி விழுந்தால் கயிறு அந்தக் கிளிப்பைப் பிடுங்கும், எஞ்சின் நிற்கும். மாட்டாமல் விழுந்தால், பிடிக்க ஆளில்லாத எஞ்சின் ஒரு பக்கம் திரும்பிப் படகு வட்டமடிக்கும், சுழலும் விசிறி உங்களை நோக்கியே திரும்பி வரும். உதிரிக் கிளிப் ஒன்றைப் படகிலேயே கட்டிவைத்து, அதை மாட்டி எஞ்சினைக் கிளப்ப மனைவிக்கும் பழக்கிவிடுங்கள். நீங்கள் விழும்போது கயிறு உங்களோடு போய்விடும், அவர் படகைத் திருப்பி உங்களிடம் வர அந்தக் கிளிப் வேண்டும்.