ஆம்புலன்ஸ் வரும்வரை, வந்த பிறகு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆம்புலன்ஸ் சேவை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பணியில் இருக்கும் ஊழியர்களின் கடிதங்களில் ஊர்ப்பெயரை எடுத்துவிட்டேன்.

108க்குப் போன் செய்தால் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். உயிர் போகிற நேரத்தில் இதெல்லாம் தேவையா? (திருச்செங்கோடு, காரைக்குடி வாசகர்கள்)

பதற்றம் புரிகிறது. ஆனாலும் தேவைதான். முதலில் இடம். "மாரியம்மன் கோயில் பக்கத்துத் தெரு" என்று மட்டும் சொன்னால், ஒரே வட்டத்தில் எத்தனை மாரியம்மன் கோயில்! ஊர், வட்டம், மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், இந்த மூன்றையும் சொல்லிவிடுங்கள். தெருமுனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

அடுத்து வரும் இரண்டு கேள்விகள்தான் மிக முக்கியம். கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா? மூச்சு இயல்பாக இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் வாயைத் திறந்து, விட்டுவிட்டு, இழுத்து இழுத்து ஒரு மூச்சு வரும். அதைப் பார்த்துவிட்டு வீட்டார் "மூச்சு இருக்கு சார், மூச்சு இருக்கு" என்பார்கள். அது மூச்சே அல்ல. போனை எடுக்கும் 108 ஊழியர் நல்ல பயிற்சி பெற்றவரானால் உடனே, "எப்படி விடுகிறார்? நிமிடத்துக்கு எத்தனை தடவை? எனக்குக் கேட்கிற மாதிரி போனைப் பக்கத்தில் வையுங்கள்" என்று கேட்பார். அந்தக் கேள்வியால் பிழைத்தவர்கள் உண்டு.

அப்புறம் அவர் சொல்வதைச் செய்யுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு, நோயாளியைக் கட்டிலிலிருந்து தரையில் இறக்கி, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாத ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வாயோடு வாய் வைத்து ஊதப் பழகாதவர்கள் அதை விட்டுவிடலாம், அழுத்தினால் போதும். இதயம் ஒழுங்கில்லாமல் துடித்து நின்றிருந்தால், நெஞ்சழுத்தமும் இல்லாமல், துடிப்பைச் சீராக்கும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த முதல் நிமிடங்கள் வீட்டாரின் கையில்தான்.

டாக்டர் இல்லாத வண்டியில், சில வாரம் பயிற்சி பெற்றவர் சிகிச்சை தருவது சரியா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை)

சரி என்பதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. 1960களில் அங்கே நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை போலீஸ் வேன்களும் சவ வண்டிகளும்தான். பின்னால் உட்கார்ந்து கவனிக்க ஆள் கிடையாது. மயக்க மருந்து நிபுணரான பீட்டர் சாஃபர், 1967இல் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவைக்காக, வேலையில்லாதிருந்த கறுப்பின இளைஞர்களுக்குச் சுமார் 300 மணி நேரப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களும் இருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டரிலும் அவசரப் பிரிவிலும் நிறுத்திப் பழக்கினார். பின்னாளில் டாக்டர் நான்சி கரோலின் அவர்களோடு வண்டியிலேயே போய்க் கற்றுக்கொடுத்தார். 1975இல் நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியதும் இது மூடப்பட்டது. எனக்கு இன்றும் வருத்தம் தரும் முடிவு அது. ஆனால் அந்த இளைஞர்களோடு உருவான பாடத்திட்டம்தான் அமெரிக்காவில் பாராமெடிக் எனப்படும் ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளரின் பயிற்சிக்கு அடித்தளம் ஆனது.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர், அதாவது இ.எம்.டி., வெறும் 50 நாள் படித்தவர் என்று நினைக்க வேண்டாம். நர்சிங், டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டிப்ளமோ) அல்லது உயிரியல் பட்டம் முடித்தவருக்கு அதன்மேல் தரப்படும் பயிற்சி அது. பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநருக்கும் தனிப் பயிற்சி உண்டு. சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்கலாம்.

என் கவலை வேறு. படித்தது கையில் எத்தனை நாள் நிற்கும்? நெஞ்சழுத்தமும், முகமூடி வைத்துப் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கும் சில மாதங்கள் பழகாவிட்டால் தரம் இறங்கிவிடுகின்றன. பயிற்சி வகுப்பில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்: ஆம்பு பேக் முகமூடியை ஒற்றைக் கையால் பிடிப்பவரின் சுண்டுவிரல் தாடை எலும்பை விட்டு நழுவியிருக்கும். காற்று பக்கவாட்டில் போகும், பயிற்சிப் பொம்மையின் நெஞ்சு எழும்பாது. அவருக்கோ தான் சரியாகத்தான் செய்கிறோம் என்று தோன்றும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு நாள் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பதைவிட, வண்டி நிற்கும் இடத்திலேயே ஒரு பொம்மையை வைத்து மாதம் இருபது நிமிடம் பழகச் சொல்வது பலன் தரும். இதற்குப் பெரிய செலவு கிடையாது. இதைச் செய்யாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இந்தத் துறையில் பட்டப்படிப்பு உண்டா? (தென்காசி)

உண்டு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. இருக்கிறது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பணியையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அங்கே இரவில் எத்தனை கேஸ் வருகிறது, மாணவர்களை வண்டியில் அனுப்புகிறார்களா என்று சீனியர் மாணவர்களிடம் விசாரியுங்கள்.

நான் ஐந்தாண்டாக இ.எம்.டி. வழியில் பார்த்ததைக் கேஷுவாலிட்டியில் சொல்ல வந்தால் யாரும் காது கொடுப்பதில்லை. "அங்கே படுக்க வை" என்பதோடு சரி. (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

வந்த கடிதங்களில் என்னை அதிகம் பாதித்தது இதுதான். நீங்கள் சொல்வது பல ஊரிலும் நடக்கிறது. விபத்து நடந்த இடத்தைப் பார்த்த ஒரே மருத்துவப் பணியாளர் நீங்கள். ஸ்டியரிங் வளைந்திருந்ததா, ஹெல்மெட் போட்டிருந்தாரா, நீங்கள் போனபோது பேசினாரா என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அது வாசலிலேயே தொலைந்துபோனால், உள்ளே இருப்பவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

உங்கள் பக்கம் செய்யக்கூடியது, சொல்வதை முப்பது நொடிக்குள் ஒரே வரிசையில் சொல்வது. வயது, நேரம், எப்படி அடிபட்டது, என்ன காயம், நாடியும் பி.பி.யும், என்ன செய்திருக்கிறோம். இப்படி: "சார், ஆண், சுமார் 30 வயது. 7.40க்கு பைக்கில் வந்து நின்ற லாரியில் மோதியிருக்கிறார். ஹெல்மெட் இல்லை. வலது தொடை எலும்பு முறிவு, வயிற்றில் வலி சொல்கிறார். நாடி 128, பி.பி. 90க்கு 60, வரும் வழியில் பேச்சு குறைந்திருக்கிறது. ஆக்சிஜன், ஸ்ப்ளின்ட், ஒரு ஐ.வி. லைன் போட்டிருக்கிறேன்." (ஸ்ப்ளின்ட் என்பது முறிந்த காலை அசையாமல் பிடிக்கும் கட்டு, லைன் என்பது நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்.) இதைக் கேட்ட டாக்டர் தொடையைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார், வயிற்றுக்குள் ரத்தக்கசிவைத் தேடுவார். பேச்சு குறைந்ததைச் சொல்ல மறக்காதீர்கள். மாற்றம்தான் ஆபத்தின் முதல் அடையாளம்.

ஆஸ்பத்திரிப் பக்கம் செய்ய வேண்டியது: அந்த முப்பது நொடி யாரும் நோயாளியைத் தொடக்கூடாது, பேசக்கூடாது. நெஞ்சழுத்தம் நடந்துகொண்டிருந்தால், ரத்தம் பீறிட்டால், மூச்சு அடைத்தால் மட்டும் விலக்கு. தமிழக அரசின் விபத்து, அவசர சிகிச்சைக்கான டி.ஏ.இ.ஐ. திட்டத்தில் நோயாளிகளை அவசரத்துக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிப்பதும், வண்டி வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குத் தகவல் போவதும் சேர்ந்தே வருகின்றன. ஏட்டில் இருப்பது இரவு இரண்டு மணிக்கும் நடக்க வேண்டுமானால், நர்சும் இ.எம்.டி.யும் பயிற்சி டாக்டரும் ஒரே அறையில் ஒரே பொம்மையைச் சுற்றி நின்று பழகியிருக்க வேண்டும். தனித்தனி வகுப்பில் படித்தவர்கள் வாசலில்தான் முதல் முறையாகச் சந்திக்கிறார்கள். கேஷுவாலிட்டி சிஸ்டர்களை ஒரு ஷிஃப்ட் வண்டியில் அனுப்பிப் பார்க்க வேண்டும். வளைவில் ஓடும் வண்டியில் ஊசி போட்டுப் பார்த்தவர், அப்புறம் "ஏன் லைன் போடவில்லை" என்று அதட்ட மாட்டார்.

இன்னொன்றும் உங்களுக்கு வேண்டும். நீங்கள் கொண்டுவந்தவர் என்ன ஆனார் என்ற தகவல். அது கிடைக்காமல் யாரும் தன் வேலையைத் திருத்திக்கொள்ள முடியாது. மாதம் ஒரு முறை ஐந்து கேஸ்களை ஆஸ்பத்திரியும் ஆம்புலன்ஸ் குழுவும் சேர்ந்து பேசினாலே போதும், யார் தப்பு என்று தேடாமல்.

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது 1990 ஆம்புலன்ஸ் வண்டி பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டித் தூரத்துக்குக் கொண்டுபோனது. ஏன்? (கிளிநொச்சி)

இலங்கையில் 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்தது. உங்கள் அம்மாவின் விவரம் தெரியாமல் அந்த முடிவைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆனால் பாரிசவாதத்தில், அதாவது பக்கவாதத்தில், பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டுவது பல நேரம் சரியான முடிவு. மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்று சி.டி. ஸ்கேன் பார்த்த பிறகுதான் மருந்து கொடுக்க முடியும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் பொதுவான எல்லை. அது நீங்கள் கண்டுபிடித்த நேரத்திலிருந்து எண்ணப்படுவதில்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. அதனால் அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வண்டியில் வருபவரிடம் கொடுங்கள்.

மாரடைப்புக்கும் இதே கணக்குத்தான். தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், சிறிய ஆஸ்பத்திரிகளையும் இதயக் குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் 108 வண்டிகளோடு ஒரே வலையில் இணைத்தார்கள். ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. பெரிதும் உதவியது யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்த நோயாளி எங்கே போக வேண்டும் என்ற முன்கூட்டிய ஒப்பந்தம்.

ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ் கேஸில் மாட்டுவோமா? (பல ஊர்கள்)

மாட்டீர்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவு வந்துவிட்டது. பெயர், முகவரி சொல்லக் கட்டாயம் இல்லை. பணம் யார் கட்டுவது என்ற பயமும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரையறுத்த தொகை வரை, இலவசம்.

தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். ரத்தம் வரும் இடத்தைத் துணியால் விடாமல் அழுத்துங்கள். வண்டி வந்துகொண்டிருந்தால், அடிபட்டவரை மடித்து ஆட்டோவில் திணிக்காதீர்கள். தீ, ஓடும் வண்டிகள் போன்ற ஆபத்து இருந்தால் மட்டும் நகர்த்துங்கள்.

தனியார் ஆம்புலன்ஸ் எல்லாம் ஒன்றுதானா? (வேலூர்)

இல்லை. இந்தியத் தரவிதியிலேயே நான்கு வகை உண்டு. நோயாளியை மாற்றுவதற்கு மட்டுமான வண்டிக்கும் உயர்நிலை உயிர்காப்பு வண்டிக்கும் நிறைய வித்தியாசம். கூப்பிடும்போது ஒன்றைக் கேளுங்கள்: "பின்னால் யார் உட்காருவார், என்ன படித்தவர்?" பதில் வரவில்லை என்றால் வேறு வண்டியைப் பாருங்கள்.

எங்கள் ஆலையில் ஆண்டுக்கு ஒரு முறை ஒத்திகை நடத்துகிறோம். யாருக்கும் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. (பாதுகாப்பு அலுவலர், ஓசூர்)

போட்டோ எடுக்கும் ஒத்திகையாக இருந்தால் பலன் இருக்காது. அடுத்த முறை தீயணைப்பு நிலையம், 108 குழு, பக்கத்து ஜி.ஹெச். மூன்றையும் அழையுங்கள். ஒரு பொம்மையை இரண்டாம் மாடியில், மெஷின் இடுக்கில் போட்டு, இரவு ஷிஃப்டில் முன்னறிவிப்பு இல்லாமல் தொடங்குங்கள். எந்த கேட்டுக்கு வண்டி வர வேண்டும் என்று செக்யூரிட்டிக்குத் தெரியாது, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது, மின்சாரத்தை நிறுத்துபவரின் நம்பர் யாரிடமும் இருக்காது. இவையெல்லாம் அன்றைக்கே வெளியே வரும். முடிந்ததும் எல்லோரையும் அங்கேயே நிறுத்திப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள், பைலட்டையும் சேர்த்து. திருத்த வேண்டியவற்றில் இரண்டை மட்டும் எழுதி, பொறுப்பாளர் பெயரையும் தேதியையும் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து அதே மாடியில் மறுபடி நடத்துங்கள்.