மரத்தில் இருக்கும் மாங்காய் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் இளநிலை வழக்கறிஞராக இருக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்து விவசாயி ஒருவர், தம் பெங்களூரா மாந்தோப்பை வியாபாரிக்குக் குத்தகைக்கு விடும் ஆங்கில ஒப்பந்த வரைவைக் கொண்டுவந்தார். அதிலுள்ள ‘இம்மூவபிள் பிராப்பர்ட்டி’, ‘ஸ்டாண்டிங் டிம்பர்’ ஆகிய சொற்களுக்கு என்னிடமுள்ள மூன்று ஆங்கிலச் சட்ட அகராதிகளும் மூன்று விதமாகப் பொருள் சொல்கின்றன. எதை நம்புவது?

பதில்: மூன்றிலும் பிழை இல்லாமலே இருக்கலாம், ஆனால் உங்கள் கட்சிக்காரரின் தோப்புக்கு மூன்றுமே போதமாட்டா. பொது அகராதி தொகுப்பவர், மக்கள் ஒரு சொல்லை எப்படி ஆள்கிறார்கள் என்று பார்த்துப் பொருள் எழுதுகிறார். சட்டச் சொல்லுக்கோ சட்டமன்றமும் நீதிமன்றமும் பொருள் வகுக்கின்றன, அதுவும் ஒவ்வொரு சட்டத்திலும் வேறு வேறாக.

‘இம்மூவபிள் பிராப்பர்ட்டி’ என்னும் அசையாச் சொத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், நிலமும் நிலத்திலிருந்து கிடைக்கும் பலன்களும் மண்ணோடு பிணைந்தவையும் அதில் ‘அடங்கும்’ என்கிறது. இன்னதுதான் என்று வரையறுக்கவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், வெட்டுமரமும் (‘ஸ்டாண்டிங் டிம்பர்’) வளரும் பயிரும் புல்லும் அதில் அடங்கா என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஒருபடி மேலே சென்று, மரத்திலுள்ள கனியையும் மரத்தினுள் உள்ள சாற்றையும் அசையும் சொத்தில் சேர்க்கிறது. ஒன்று உள்ளடக்குகிறது, ஒன்று விலக்குகிறது, ஒன்று இரண்டையும் செய்கிறது. இவற்றை அகராதியின் ஒரே பதிவில் இரண்டு வரியில் அடக்கச் சொன்னால் எந்தத் தொகுப்பாளருக்கும் கை நடுங்கும். சொல்லைச் சுருக்கினால் சட்டம் சிதையும், முழுவதையும் எழுதினால் அது அகராதியாக இராது.

‘டிம்பர்’ இன்னும் சுவையானது. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் அச்சொல் முதன்மையாக இருபது ஆண்டு நிரம்பிய ஓக், ஆஷ், எல்ம் மரங்களைக் குறித்தது; பிற மரங்கள் வட்டார வழக்கைப் பொறுத்தவை. கிருஷ்ணகிரிக்காரருக்கு அந்த மூன்றால் என்ன பயன்? நம் உச்ச நீதிமன்றம் 1958இல் சாந்தாபாய் வழக்கில், மண்ணிலிருந்து தொடர்ந்து ஊட்டம் பெற்று வளர விடப்படும் மரம் அசையாச் சொத்து என்றும், கட்டுமானத்துக்கு ஏற்றதாகி விரைவில் வெட்டப்படவிருக்கும் மரமே வெட்டுமரம் என்றும் பிரித்துக் காட்டியது. அப்படிப் பார்த்தால் ஒரே மரம், உரிமையாளரின் எண்ணம் மாறும்போது வகையும் மாறுகிறது. அகராதியில் இதை எங்கே எழுதுவது?

ஆகவே அகராதி வாங்கும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் எந்த நாடு, எந்தச் சட்டம், எந்த ஆண்டு என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 1891இல் முதற்பதிப்பு கண்ட பிளாக் அகராதி பெருமைக்குரியதே, ஆனால் அது அமெரிக்கச் சட்டத்தை மையமாகக் கொண்டது. ஆண்டுக் குறிப்பும் முக்கியம்: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், மோசடிக்கு 420ஆம் பிரிவைக் காட்டும் பதிவுகள் பழையனவாகிவிட்டன, இப்போது அது 318(4).

இனி உங்கள் வரைவு. நம் பக்கத்தில் ‘குத்தகை’ என்ற ஒரே சொல், தோப்பையே அனுபவிக்க விடுவதையும், இந்தப் பருவத்துக் காயை மட்டும் விற்பதையும் குறிக்கிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் ஆங்கிலத்தில் ‘லீஸ்’ என்று எழுதியதுதான் சிக்கலின் வேர் என்று நினைக்கிறேன். மரத்தில் பிடித்திருக்கும் காயை மட்டும் வியாபாரி பறித்துக்கொள்வதானால், அதை விற்பனை என்றே எழுதுங்கள். பதிவுச் சட்டப்படி அது அசையும் சொத்து. பல ஆண்டுகளுக்குத் தோப்பில் நுழைந்து மகசூல் எடுக்கும் உரிமையானால் நிலை வேறு. சிலிக்கா ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை நிலத்திலிருந்து கிடைக்கும் பலன், ஆகவே அசையாச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1955இல் ஆனந்த பெஹரா வழக்கில் கொண்டது. அந்த வாதம் உங்கள் தோப்புக்கும் எழும். ஆகவே எத்தனை பருவம் என்பதை விவசாயியிடம் கேட்டுவிட்டு, அதன் பிறகு சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.