ஊற்றோடையில் ட்ரவுட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஊற்றுநீர் ஓடை ஒன்றில் ட்ரவுட் பிடிக்க ஒரு நாள் முழுக்கச் செலவழித்தேன். வளர்த்து விட்ட மீன்கள் இல்லை, அங்கேயே பிறந்து வளர்ந்தவை. தண்ணீர் அவ்வளவு தெளிவு, மீன்களை எண்ணிவிடலாம் போலிருந்தது. ஆனால் தூண்டிலை வீசுவதற்குள் ஒவ்வொன்றாக ஓடி ஒளிந்துவிட்டன. தூண்டிலை மாற்ற வேண்டுமா?

பதில்: தூண்டில் அப்படியே இருக்கட்டும். முதலில் எப்படி நடந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ட்ரவுட் நீரோட்டத்துக்கு எதிராகத் தலை வைத்து நிற்கும். இரை ஓடையின் மேற்புறமிருந்து மிதந்து வருவதால் அதன் கவனம் முழுக்க அந்தப் பக்கம்தான். ஓடை ஓடும் திசையிலேயே நீங்களும் நடந்தால், நேரே அதன் முகத்துக்கு முன்னால் போய் நிற்பீர்கள். கீழ்ப்புறமிருந்து ஏறிப் போங்கள். அப்புறம், குனிந்து போங்கள். நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும், சுமார் 97 பாகை அகலமுள்ள கூம்பு. கரையில் நிமிர்ந்து நிற்கிற ஆள் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுவார். தாழ்வாக இருப்பவர் அதன் விளிம்பில் நசுங்கி மங்கிப்போவார். அதனால் கடைசிப் பதினைந்து அடியை நான் முழங்காலில்தான் கடப்பேன். காலை ஓங்கி மிதித்தாலும் மீன் உணர்ந்துகொள்ளும்.

மழைநீர் ஆற்றில் கலங்கலும் வேகமும் ஆளை மறைக்கும். ஊற்றோடையில் அந்த மறைவு கிடையாது. மண்ணிலும் பாறையிலும் வடிகட்டி வரும் நீர் அது. அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே வருவதால் கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். சுண்ணாம்புப் பாறை வழியாக வந்தால் நீர்ச்செடியும் கூனியிறால் போன்ற சிற்றுயிர்களும் நிறைய. வயிறு நிறையத் தின்ன இருக்கும்போது, சந்தேகப்பட்டதை மீன் ஏன் தொடப்போகிறது?

என் நாள் ஒன்றைச் சொல்கிறேன். ஓடை வளைகிற இடத்தில், அரித்த கரைக்கு அடியில் ஒரு பழுப்பு ட்ரவுட் நின்றது. இருபது நிமிடம் தூண்டில் கோலைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட அது மேலே வரவில்லை, ஆனால் அவ்வப்போது வாய்க்குள் வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தது. நீருக்குள் அடித்துவரும் இளம்பூச்சிகளைத் தின்கிறது என்று புரிந்தது. தூண்டிலில் இருந்த மிதக்கும் செயற்கைப் பூச்சியை அவிழ்த்துவிட்டு, மூழ்கும் சிறிய செயற்கைப் பூச்சி ஒன்றைக் கட்டினேன். முதல் வீச்சில் நீரோட்டம் தூண்டில் நரம்பை இழுக்க, பூச்சி குறுக்கே நழுவியது. மீன் ஓரடி விலகி, திரும்பித் தன் இடத்துக்கே வந்தது. பத்து நிமிடம் அசையாமல் இருந்தேன். அடுத்த வீச்சில் நரம்பைத் தளர்த்தியே விட்டேன். வெள்ளைக் கீற்று தெரிந்த கணத்தில் கோலைத் தூக்கினேன்.

சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிறிய வளையம். தூண்டில் முள்ளில் மீன் கழலாமல் பிடித்துக்கொள்ளும் எதிர்முள்ளை முன்பே நசுக்கி வைத்திருந்ததால் நீருக்குள்ளேயே கழன்றது. அன்றைக்கு மொத்தம் மூன்று மீன். அவ்வளவு நிறைவான நாள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

கேள்வி: பிடித்த மீனைத் திரும்ப விடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். தலையை ஓட்டத்துக்கு எதிராகத் தாங்கிப் பிடியுங்கள், தெம்பு வந்ததும் தானே போய்விடும். நீர் 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அன்றைக்குப் பிடிப்பதையே நிறுத்திவிடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைத்த மீன் தேறாது.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இலையுதிர் காலத்தில் கூழாங்கல் படுகையில் துலக்கி வைத்ததுபோல் வெளுத்த திட்டுகள் தெரியும். பெண் பழுப்பு ட்ரவுட் வாலால் கிளறி முட்டைகளைப் புதைத்த இடங்கள் அவை. ஒரு மிதி போதும், முட்டைகள் நசுங்கிவிடும். அங்கே ஓடையில் இறங்காதீர்கள், கரையேறிச் சுற்றிக்கொண்டு போங்கள்.