விசில் ஏன் ஊதினார்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும்

கேள்வி: டிவியில் ரக்பி வர்ணனை செய்கிறவர்களில் இவர் நல்லவர், இவர் மோசம் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். நடுவர் விசில் ஊதினால், ஏன் ஊதினார் என்று ரெண்டு மூன்று நொடிக்குள் எனக்குத் தெரிந்துவிட வேண்டும். தெரிந்தால் அவர் நல்ல வர்ணனையாளர். குரல், சொல்வளம், பழைய கதை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இது எனக்கு கார்டிஃப்பில் புரிந்தது. வேல்ஸுக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பெரியவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். ஐரோப்பாவின் ஆறு நாடுகள் வருடாவருடம் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை என்றால் கீழே கூப்பிட்டு டிவி முன்னால் உட்கார வைத்துவிடுவார். எனக்கு அதுவரை கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே வர்ணனையாளர் ஆற அமரப் பேசலாம், பந்து எங்கே போனது என்பதும் நம் கண்ணுக்கே தெரியும். ரக்பியில் பல நேரம் பந்தே கண்ணில் படாது. பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்துக் கீழே சாய்த்ததும் ரெண்டு அணி ஆட்களும் வந்து அவருக்கு மேலே முட்டித் தள்ளுவார்கள், அதற்கு ரக் என்று பெயர், அந்தக் குவியலைப் பார்த்து நடுவர் சட்டென்று விசில் ஊதிக் கையைத் தூக்கிவிடுவார். பிடித்தவர் உருண்டு விலகாமல் கிடந்தாரா, பிடிபட்டவர் பந்தை விடாமல் கட்டிக்கொண்டிருந்தாரா, யாராவது பின்னாலிருந்து வராமல் பக்கவாட்டில் நுழைந்தாரா, சோபாவில் இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

பெரியவர் பொறுமையாகச் சொல்லித் தருவார். சில வாரம் போனதும் ஒன்றைக் கவனித்தேன். சிலர் வர்ணனை செய்யும் நாளில் அவர் வாயைத் திறக்க வேண்டிய வேலையே வரவில்லை. வேறு சிலர் வந்தால் 80 நிமிடமும் அவர்தான் எனக்கு வர்ணனையாளர்.

அவர் பேசாமல் இருந்த நாட்களில் பெரும்பாலும் பிபிசியில் எடி பட்லர், பிரையன் மூர் ஜோடிதான் இருக்கும். பட்லர் வேல்ஸின் முன்னாள் கேப்டன், பத்திரிகையிலும் எழுதியவர், 2022-ல் காலமாகிவிட்டார். மூர் இங்கிலாந்துக்கு ஹூக்கராக ஆடியவர், வழக்கறிஞர். ரெண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து தோள் கோத்து எதிரெதிரே தள்ளுவதுதான் ஸ்க்ரம், அதன் முன்வரிசை நடுவில் நின்று பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர் ஹூக்கர். பட்லர் ஆட்டத்தை நிதானமாக நடத்திக்கொண்டு போவார், ஸ்க்ரம் சரிந்து விழுந்ததும் மூர் நுழைவார், எந்தப் பக்கத்து ஆள் தோளை இறக்கினார், யார் உள்பக்கமாகத் திரும்பித் தள்ளினார் என்று ரீப்ளே வரும் முன்பே சொல்லிவிடுவார். அந்த இருட்டுக்குள் வருடக்கணக்காகத் தலையைக் கொடுத்த ஆள் என்பதால் வரும் அறிவு அது. ஸ்க்ரமில் பந்தை நேராகப் போட வேண்டும் என்பது விதி, ஆனால் பந்தைப் போடும் ஸ்க்ரம் ஹாஃப்கள் தங்கள் ஆட்களின் காலடிக்கே வளைத்துப் போட்டுவிடுவார்கள், நடுவர்களும் கண்டுகொள்வதில்லை என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கொதிப்பார். சிலருக்கு அது எரிச்சலாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. பந்து நேராக வராவிட்டால் ரெண்டு ஹூக்கர்கள் காலால் போட்டி போட்டுப் பந்தை இழுக்கும் கலையே செத்துப்போகும் என்பதை நான் தெரிந்துகொண்டது அந்தக் கோபத்தில் இருந்துதான்.

அடுத்தது பெயர். களத்தில் 30 பேர், வெளியே அணிக்கு 8 மாற்று ஆட்டக்காரர்கள், மழை பெய்தால் அரை மணி நேரத்தில் முதுகில் இருக்கும் எண்ணே சேற்றில் மறைந்துவிடும். இந்த விஷயத்தில் பில் மெக்லாரனுக்கு மேல் யாரும் இல்லை. ஸ்காட்லாந்தின் ஹாயிக் ஊர்க்காரர், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். காசநோய் வந்து சானடோரியத்தில் கிடந்தபோது அங்கே நடந்த டேபிள் டென்னிஸ் ஆட்டத்துக்கு மருத்துவமனை ரேடியோவில் வர்ணனை சொல்லித் தொடங்கியவர். ஆட்டத்துக்கு முன்பே அணிகளின் பயிற்சிக்குப் போய் நின்று ஒவ்வொருவரின் முகம், நடை, ஓட்டம் எல்லாம் பார்த்து மனப்பாடம் செய்வார். பெரிய தாள் ஒன்றில் பல வண்ண மையில் பொடி எழுத்தில் குறிப்பு எழுதி நிரப்புவார். அவ்வளவு எழுதியதில் ஒளிபரப்பில் சொன்னது கொஞ்சம்தான். மிச்சத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டார் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மோசமான வர்ணனையாளருக்கு அது முடியாது. தேடி எடுத்த புள்ளிவிவரத்தை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று, பந்து ஓரத்தில் ஆடும் விங்கர் கைக்குப் போய் அவர் எதிரணியின் கோல் கோட்டை நோக்கி ஓடும்போதும் போன வருட ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

1973 ஜனவரியில் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் பல நாட்டு ஆட்டக்காரர்களை அழைத்துச் சேர்க்கும் பார்பேரியன்ஸ் அணி நியூசிலாந்தோடு ஆடியபோது கேரத் எட்வர்ட்ஸ் போட்ட ட்ரையைத் தேடிப் பாருங்கள். எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவதுதான் ட்ரை. அன்று மெக்லாரனுக்கு உடம்பு சரியில்லாததால் மைக்கில் இருந்தவர் வேல்ஸின் பழைய ஃப்ளை ஹாஃப் ஆட்டக்காரர் கிளிஃப் மோர்கன். ஃபில் பென்னட் தன் கோல் பக்கம் பந்தை எடுத்து மூன்று நான்கு பேரை ஏமாற்றித் திரும்பியதில் இருந்து எட்வர்ட்ஸ் மூலையில் பாய்ந்து விழும் வரை ஏழு பேர் கை மாறுகிறது பந்து. மோர்கன் பெரும்பாலும் பெயர்களைத்தான் சொல்கிறார், நடுவில் ஒன்றிரண்டு வியப்புச் சொற்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயர்கள் பந்தின் வேகத்திலேயே வருகின்றன, ஒவ்வொரு பெயருக்கும் குரல் ஒரு படி ஏறுகிறது. ஆரம்பத்திலேயே கத்தியிருந்தால் எட்வர்ட்ஸ் வரும்போது ஏறுவதற்குப் படி இருந்திருக்காது. இன்றைக்குப் பலர் முதல் நிமிடத்தில் ஆளைப் பிடித்துச் சாய்க்கும் சாதாரண டேக்கிளுக்கே தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

என்ன நடக்கப்போகிறது என்பதையும் நேரத்தோடு சொல்ல வேண்டும். 2015 உலகக் கோப்பையில் பிரைட்டனில் தென்னாப்பிரிக்காவோடு ஜப்பான் 29-32 என்று பின்தங்கி நிற்கிறது, நேரம் முடிந்துவிட்டது, பெனால்டி கிடைக்கிறது. கம்பத்துக்கு நடுவே அடித்தால் 3 புள்ளி, ஆட்டம் சமன். ஜப்பான் அதை வேண்டாம் என்று ஸ்க்ரம் கேட்டது, கடைசியில் ட்ரை போட்டு 5 புள்ளி எடுத்து 34-32 என்று ஜெயித்தது. அந்த நொடியில் அவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது ரக்பி தெரியாத ஒருவருக்குப் புரியாவிட்டால் அந்த ட்ரையில் பாதி போய்விடும்.

நடுவர் பேசும்போது குறுக்கே பேசுகிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. ரக்பியில் நடுவரிடம் மைக் இருக்கிறது, அவர் ஆட்டக்காரர்களிடம் சொல்வது நமக்கே கேட்கும். வேல்ஸின் முன்னாள் நடுவர் நைஜல் ஓவன்ஸ் மாதிரி ஒருவர் கேப்டனைக் கூப்பிட்டு விளக்கும்போது அதைவிடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும்? வீடியோ நடுவரோடு அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தீர்ப்பு இதுதான் என்று சத்தமாக அடித்துச் சொல்லி, பிறகு தீர்ப்பு மாறி வந்ததும் பத்து நிமிடம் குறைபட்டுக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த மாதிரி நாளில் பெரியவர் சத்தத்தையே குறைத்துவிடுவார்.

சார்பு இருக்கலாமா என்றால், இருந்தால் பரவாயில்லை என்பேன், கண்ணை மறைக்கக் கூடாது. மூர் இங்கிலாந்துக்காரர் என்பதில் ஒளிவு மறைவே கிடையாது, ஆனால் இங்கிலாந்து சொதப்பினால் முதலில் திட்டுகிறவரும் அவர்தான், அதனால் அந்த வேல்ஸ் வீட்டில் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே கேட்டோம். மெக்லாரன் வேறு மாதிரி. அவருடைய சொந்த மருமகன் ஆலன் லாசன் ஸ்காட்லாந்துக்கு ஆடினார், அவர் பந்தைத் தொட்டபோதும் மற்ற 29 பேருக்கும் இருந்த அதே குரல்தான். 2002-ல் அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம், வேல்ஸும் ஸ்காட்லாந்தும், கார்டிஃப்பில் நடந்தது. கூட்டத்தில் ஒரு பதாகை, பில் மெக்லாரன் வேல்ஸ்காரர் என்று எழுதியிருந்தது. பெரியவர் அன்று மைதானத்தில் இருந்தாராம். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன். ஸ்காட்லாந்து என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு மறுபடியும் அந்தப் பதாகையைப் பற்றியே பேசினார்.