புழுதி விதைப்பு நெல்லுக்கு எருவையும் உரத்தையும் எப்படிச் சேர்த்து இடுவது?

திருவாடானைப் பக்கம் மானாவாரி நிலம், மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைப்பு, எரு கொஞ்சம்தான் கிடைக்கிறது, ஏக்கருக்கு எவ்வளவு, எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏக்கருக்கு 5 டன் எரு என்ற கணக்கைப் பார்த்து மலைக்காதீர்கள். நன்றாக மக்கிய 300 கிலோ எருவைச் சலித்து, 62 கிலோ சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, தண்ணீர் தெளித்துப் புரட்டுங்கள். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. நிழலில் குவித்து, மேலே சேறு பூசி மூடி, ஒரு மாதம் விட்டு விதைப்போடு இடுங்கள். புரட்டாசியில் விதைக்க ஆவணியிலேயே குவிக்க வேண்டும். சூப்பரைத் தனியாக வீசினால் களர் மண்ணின் சுண்ணாம்பு அதிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்துக்கொள்ளும். எருவோடு ஊறினால் வேருக்குக் கிடைக்கும்.

ஆனால் இந்த 300 கிலோ மணிச்சத்தைத்தான் காப்பாற்றும், மண்ணை வளர்க்காது. பெங்களூரில் 1978-ல் தொடங்கிய மானாவாரிக் கேழ்வரகுச் சோதனையில், ரசாயன உரம் மட்டும் போட்ட பாத்திகளில் ஆண்டு போகப்போக விளைச்சல் சரிந்தது. ஹெக்டேருக்கு 10 டன் தொழுஉரமும் சேர்த்த பாத்தியில் நிலைத்து நின்றது. அவ்வளவு எரு இல்லாதவர்களுக்கு நம் ஊரில் ஆட்டுக்கிடைதான் வழி, அதாவது இரவில் ஆடுகளை வயலிலேயே அடைத்து வைப்பது. கோடையில் ஆண்டுக்கு ஒரு துண்டு நிலம் என மாற்றி மாற்றிக் கிடை போடுங்கள். கிடை நகர்ந்ததும் உழுதுவிட வேண்டும், இல்லாவிட்டால் மூத்திரத்தின் தழைச்சத்து (நைட்ரஜன்) வெயிலில் ஆவியாகிவிடும். இன்னொன்று: ஆடு தின்ற கருவை (சீமைக்கருவேலம்) நெத்தின் விதை புழுக்கையில் முழுசாக வெளியே வரும். ஒரு கோடை மழையில் அது முளைத்ததும் மறுபடி உழுது அழித்துவிடுங்கள். அசட்டையாக விட்டால் வயல் கருவைக்காடுதான்.

யூரியா ஏக்கருக்கு 45 கிலோ மூட்டை ஒன்று, பொட்டாஷ் 17 கிலோ. இரண்டையும் பாதி பாதியாக, முளைத்த 20–25 நாளிலும் 40–45 நாளிலும் இடுங்கள். நாள் கணக்கை விட ஈரம் முக்கியம். மழை பெய்து, களை எடுத்து, மண் ஈரமாக இருக்கும்போதுதான் யூரியா. காய்ந்த மண்ணில் வீசினால் ஒரு பகுதி காற்றோடு போகும், இளம்பயிரும் கருகும். ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து இட்டால் தழைச்சத்து மெதுவாகக் கிடைக்கும். சாம்பலோடு மட்டும் கலக்காதீர்கள், அமோனியாவாகப் பறந்துவிடும்.

மழை பொய்த்தால் மேலுரத்தை நிறுத்திவிட்டு, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் யூரியா கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள்.

கம்பு, சோளத்துக்கு ஏக்கருக்கு 35 கிலோ யூரியா, 50 கிலோ சூப்பர். முறை இதேதான்.

மக்காத சாணியைப் போட்டால் கறையான் வரும், பயிர் மஞ்சளிக்கும். கடலோர ஊர்களில் உப்புக் கருவாட்டுக் கழிவையும் கரை ஒதுங்கும் பாசியையும் எருக்குழியில் கொட்டுகிறார்கள். ஏற்கெனவே உவர் பூத்த மண்ணில் அந்த உப்பும் சேர்ந்தால் விதை முளைக்காது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாமல் சேர்க்க வேண்டாம்.